ஐம்பத்தாறு சைஸ்

அந்த சைக்கிள் அவனுக்குப் பெரியது என்று கடையில் நிற்கும்போதே எனக்குத் தெரியும். பிறகுதான் தெரிந்தது என்றும், அப்போதே லேசாகச் சந்தேகம் இருந்தது என்றும் ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்லி வந்திருக்கிறேன். அதெல்லாம் பொய்.

தூத்துக்குடியில் எனக்கு பைப்பும் வால்வும் குழாய்ச் சாமான்களும் விற்கிற கடை. நாற்பது வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து ஓட்டுகிற ஒரு கூட்டம் ஊரில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பாங்க் மேனேஜர், ஒரு பல் டாக்டர், ஒரு உப்பு வியாபாரி. மற்றவர்கள் துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்க்கிறவர்கள். விடிகிற நேரத்தில் பீச் ரோட்டில் கூடுவோம். வழக்கமாக உப்பளங்களைத் தாண்டிக் காயல்பட்டினம் வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். காற்று இல்லாத மாதங்களில் எட்டயபுரம் வரை போவதும் உண்டு.

அவன் அந்தக் கூட்டத்தில்தான் எனக்குப் பழக்கமானான். துறைமுகத்தில் கண்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவன். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே தெரிகிற கப்பலைக் குனிந்து பார்த்துக்கொண்டே, இரண்டு கையிலும் இரண்டு லீவரைப் பிடித்து, முப்பது டன் பெட்டியைத் தூக்கி லாரியில் இறக்குகிற வேலை. விரல் நுனியில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்வான். என்னைவிட மூன்று வயது இளையவன். என்னை அண்ணாச்சி என்பான். என்னைவிட அரையடி குட்டை.

அந்தக் குட்டையான ஆள் எங்கள் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினான். எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று இருந்தால் அது துறைமுகச் சாலை மேம்பாலம்தான். ஒரு பழைய இரும்பு கியர் சைக்கிளை வைத்துக்கொண்டு அவன் அதில் ஏறுவதைப் பார்த்தால் கீழே இறங்குகிற மாதிரி இருக்கும். நான் நாக்குத் தள்ள ஏறி வரும்போது உச்சியில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பான். "மெதுவா வாங்க அண்ணாச்சி, அவசரமில்ல" என்பான். அதில் கேலி கிடையாது. உண்மையாகவே என்மேல் அக்கறைப்பட்டுத்தான் சொல்வான். கேலியாக இருந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஓட்டத்தில் நான் கடைசி என்றாலும் விஷயத்தில் நான்தான் முதல். எந்த சைக்கிளில் என்ன கியர், எந்த டயருக்கு எவ்வளவு காற்று, யாருக்கு எந்த ஃப்ரேம் சைஸ் என்பதையெல்லாம் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்து வைத்திருந்தேன். கூட்டத்தில் யார் புது சைக்கிள் எடுத்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். முக்கால் இஞ்சு பைப்புக்கு அரை இஞ்சு வால்வு பொருந்தாது என்று நாள் முழுக்கக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறவனுக்கு இந்த அளவு விஷயம் தானாகவே வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவன் கடைக்கு வந்தான். இரண்டு வருஷமாக ஓவர்டைம் பார்த்துச் சேர்த்திருக்கிறான், நல்ல சைக்கிள் எடுக்கவேண்டும் என்றான். அவன் ஆசைப்பட்டது எண்டூரன்ஸ் சைக்கிள். ரேஸ் சைக்கிள் மாதிரி முதுகை ஒடித்துக் குனியவைக்காது. ஹேண்டில்பார் கொஞ்சம் உயரமாக இருக்கும், டயர் கொஞ்சம் அகலமாக இருக்கும், காலையில் ஏறினால் சாயங்காலம் வரை உட்கார்ந்து ஓட்டலாம். உப்பு லாரி ஓடி ஓடிக் குழியாகிப் போன எங்கள் ரோட்டுக்கு அதுதான் சரி.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. நீங்க எதச் சொல்லுதியளோ அத எடுத்துருவோம்" என்றான்.

கடைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, கவட்டுக்குள் ரசமட்டத்தை வைத்து இறுக்கச் சொல்லி, தரையிலிருந்து டேப் பிடித்து அளந்தேன். கடையில் நின்ற கொத்தனார் இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எழுபத்தாறு சென்டிமீட்டர். அந்தக் காலுக்கு ஐம்பத்திரண்டு ஃப்ரேம். அட்டவணையைப் பார்க்கவே வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடம்.

"என்ன சைஸ் வருது?" என்றான்.

"அங்கன போய்ப் பாத்துக்கிடுவோம்" என்றேன்.

அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றை உடனே கொடுத்துவிடாமல் கையில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

அவனுடைய வார லீவு நாளில் மதுரைக்கு பஸ்ஸில் போனோம். கடைக்காரர் கண்ணாடி போட்ட, நிதானமாகப் பேசுகிற மனிதர். நாங்கள் சொன்ன மாடலில் ஒரே ஒரு சைக்கிள் மிச்சம் இருந்தது. கார்பன் ஃப்ரேம், கரும்பச்சை நிறம். அடுத்த மாடல் வரப்போகிறது என்பதால் விலையைக் கணிசமாகக் குறைத்திருந்தார்கள். சைஸ் ஐம்பத்தாறு.

கடைக்காரர் அவனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்கு இது பெருசு. உங்களுக்கு அம்பத்திரெண்டு வேணும். ஆர்டர் போட்டா வர ஏழெட்டு வாரம் ஆகும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது இந்த சாரோட சைஸ். சும்மா ஒக்காந்து பாருங்க, வித்தியாசம் தெரியும்" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் சீட்டை உயர்த்திவிட்டுப் பின்பக்கம் பிடித்துக்கொண்டார். கையை நீட்டினேன், ஹேண்டில்பார் அங்கே இருந்தது. முழங்கை தானாக மடங்கியது. தோளில் எந்த இறுக்கமும் இல்லை. மூன்று வருஷமாக என் பழைய சைக்கிளில் கழுத்து வலியோடு ஓட்டியவன் நான். கடைக்கு வெளியே தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது இந்த சைக்கிள் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அந்த வருஷம் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தேன். இப்படி ஒன்றை வாங்குகிற நிலையில் நான் இல்லை.

அவன் ஏறினான். சீட்டை அடிவரைக்கும் இறக்கியும் நின்றால் கால்விரல் நுனிதான் தரையில் பட்டது. ஃப்ரேமின் மேல் குழாய் கவட்டில் முட்டியது. கை இரண்டும் கம்பு மாதிரி விறைத்து நீண்டிருந்தன. ஆனாலும் அவன் முகம் மலர்ந்திருந்தது. அந்தப் பச்சை நிறத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி செய்ய? ரெண்டு மாசம் காக்கணுமா?"

அந்த நேரத்தில் 'காத்திரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இது.

"கடைக்காரங்க அட்டவணைய வச்சுப் பேசுவாங்கலே. இது தூரம் போறதுக்கு உள்ள சைக்கிளு. கொஞ்சம் நீட்டி ஒக்காந்தாத்தான் முதுகு நிமிரும். கை எட்டலன்னா ஹேண்டில்பாரத் தாங்குற ஸ்டெம்மச் சின்னதாப் போட்டுக்கிடலாம்."

அவன் அப்போதும் தயங்கினான். குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தான். எங்கள் கூட்டத்தில் அவன் உயரத்தை வைத்து ஏற்கெனவே கேலி உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஹெல்மெட் மட்டும் தனியாக உருண்டு வருகிறது என்பார் உப்பு வியாபாரி. அதற்கு அதிகமாகச் சிரிக்கிறவன் நான். அவனுக்கு அது வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"அம்பத்திரெண்டுங்கறது பொம்பளப்புள்ளைக சைஸுலே. அத ஓட்டிக்கிட்டு நம்ம ஆள்க முன்னால வந்து நின்னியன்னா என்ன சொல்லுவாங்கன்னு ஒனக்கே தெரியும்."

கடைக்காரர் கடைசியாக ஒரு தடவை முயற்சி செய்தார். "சார், நாள்பட ஓட்டினா கை மரத்துப் போகும். சொல்லவேண்டியது என் கடமை" என்றார்.

"நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன்.

அவர் பில் போட்டார். சைக்கிளைப் பார்சல் வண்டியில் ஏற்றிவிட்டு, அவன் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி. தனியா வந்திருந்தேன்னா முடிவெடுத்திருக்க மாட்டேன்" என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். இவன் இதை ஆறு மாதம் ஓட்டமாட்டான் என்று நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எட்டு மாதம் ஓட்டினான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்த சைக்கிளைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கே ரயில்வே கேட்டில் நிற்கவேண்டி வந்தபோது அவனால் காலை ஊன்ற முடியவில்லை. சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்ந்து ஜல்லிமேல் விழுந்தான். முழங்கை தோல் உரிந்தது, ஃப்ரேமில் ஒரு கீறல் விழுந்தது. கேட்டில் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். எழுந்தவுடன் அவன் முதலில் கீறலைத்தான் பார்த்தான்.

ஒரு மாதத்தில் அவன் கையை உதற ஆரம்பித்தான். வழியில் பழையகாயல் தாண்டும்போது ஒரு கையை எடுத்து உதறுவான், பிறகு மறு கையை. நான் இப்போது அவனுக்குச் சமமாக ஓட்டினேன். அடுத்த மாதம் மேம்பாலத்தில் அவனை முந்தினேன். உச்சியில் நின்று தண்ணீர் குடித்தேன். அவன் தலையைக் குனிந்து வந்துகொண்டிருந்தான். "மெதுவா வாலே, அவசரமில்ல" என்று சத்தமாகச் சொன்னேன். பின்னால் வந்தவர்களுக்கும் கேட்கவேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை தோறும் ஷிப்ட் முடிந்து கடைக்கு வருவான். ஒரு வாரம் மணிக்கட்டு வலி, ஒரு வாரம் கழுத்து, ஒரு வாரம் வெளியே சொல்லமுடியாத இடத்தில் மரப்பு. நான் ஆலன் கீயை எடுத்துக்கொண்டு உட்காருவேன். சீட்டை முன்னால் தள்ளினேன். அதனால் கையில் பாரம் கூடியது. சீட்டின் மூக்கைத் தாழ்த்தினேன். இன்னும் கூடியது. ஜெல் வைத்த கையுறை வாங்கச் சொன்னேன். ஹேண்டில்பாருக்கு இரட்டை டேப் சுற்றினேன். சின்ன ஸ்டெம் போட்டால் கொஞ்சமாவது சுகம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதை ஐந்தாவது மாதம்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இப்போ பரவால்ல அண்ணாச்சி" என்பான். அவனுக்கு அது உண்மையாகவே தோன்றியதா, என் மனம் கோணக்கூடாது என்று சொன்னானா, தெரியவில்லை. ஒரு பொய்யைச் சொல்வது சுலபம். அதை வாரா வாரம் ஸ்பானர் பிடித்து முறுக்கி நிற்கவைப்பதற்கு உழைக்கவேண்டும். நான் உழைத்தேன்.

காயல்பட்டினத்து டீக்கடையில் ஒரு நாள் அவன் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது. சூடு தொடையில் கொட்டியது. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சுண்டுவிரலும் அதுக்கு அடுத்த வெரலும் எனக்குள்ளது மாதிரியே இல்ல" என்றான்.

பல் டாக்டர் அவன் உள்ளங்கை ஓரத்தை அழுத்திப் பார்த்தார். "நரம்பு அழுந்துது. கொஞ்ச நாள் சைக்கிள நிறுத்துங்க. சைஸ் சரியாத்தானே இருக்கு?"

"சைஸெல்லாம் அண்ணாச்சி பாத்து எடுத்ததுதான்" என்று எனக்கு முன்னால் அவனே பதில் சொன்னான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சைஸ்ல ஒண்ணுமில்ல டாக்டர். இவன் ஒடம்ப இறுக்கி ஓட்டுதான். தளத்தி ஓட்டணும். எத்தன தடவ சொல்லியாச்சு" என்றேன்.

அதன்பிறகு அவன் உடம்பை எப்படித் தளர்த்தவேண்டும் என்று ஆளாளுக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மேம்பாலத்தில் எல்லோரையும் முந்தி நின்றவனுக்கு, தொப்பையோடு வருகிற பாங்க் மேனேஜர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஜூலையில், வழக்கத்துக்கு மாறாக, எட்டயபுரம் போவது என்று முடிவானது. கச்சான் காற்று வீசுகிற மாதம். போகும்போது மேற்கேயிருந்து நேர் முகத்தில் அடிக்கும். தான் வரவில்லை என்று முதல்நாள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருந்தான். நான் போன் செய்தேன்.

"நூறு கிலோமீட்டர் ஒரு தடவ போயிட்டு வந்துட்டியன்னா கை தானாப் பழகிரும். இப்போ விட்டியன்னா பிறகு விட்டதுதான் பாத்துக்கோ" என்றேன்.

"கை ரொம்ப மரக்குது அண்ணாச்சி."

"எல்லாருக்கும் மரக்கத்தான் செய்யும்."

வந்தான். காற்றில் அந்தப் பெரிய ஃப்ரேமோடு மல்லுக்கட்டினான். காற்றுக்குக் குனிந்து ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடிக்க அவனுக்கு எட்டவில்லை. ஒன்பது மணிக்கு முன்பே வெயில் ஏறிவிட்டது. திரும்பும்போது பிரேக்கை அழுத்த விரல் வராமல் ஒரு ஆட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். ஊர் வந்து சேர்ந்ததும் ஹெல்மெட் வாரைக் கழற்ற அவனால் முடியவில்லை. நான்தான் தாடைக்குக் கீழே கையை விட்டுக் கழற்றிவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். வெட்கத்தோடு சிரித்தான்.

மறுநாள் அவனுக்குக் காலை ஷிப்ட். கப்பலிலிருந்து நான்காவது பெட்டியோ ஐந்தாவது பெட்டியோ இறக்கும்போது, பெட்டியை நிறுத்த லீவரை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அவன் நினைத்தான். கை வந்திருந்தது, லீவர் வரவில்லை. விரலில் உணர்வில்லாததால் வித்தியாசம் தெரியவில்லை. பெட்டியின் மூலை லாரியின் கேபின் கூரையில் இறங்கி அதைத் தட்டையாக்கியது. லாரி டிரைவர் தன் காகிதத்தில் கையெழுத்து வாங்க இறங்கிப் போயிருந்தார். இல்லாவிட்டால் செத்திருப்பார்.

விசாரணை வைத்தார்கள். டாக்டரிடம் அனுப்பினார்கள். நரம்பில் மின்சாரம் வைத்துப் பார்க்கிற பரிசோதனை செய்தார்கள். இரண்டு கையிலும் இரண்டு விரல்களுக்கு வலு இல்லை என்று எழுதினார்கள். அவனைக் கூண்டிலிருந்து இறக்கி, யார்டு கேட்டில் லாரிகளுக்குச் சீட்டுப் பார்க்கிற வேலையில் போட்டார்கள்.

பாங்க் மேனேஜர் போன் செய்து இதை எனக்குச் சொன்னபோது நான் கடையில் பந்து வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதலில் என்ன தோன்றியது என்று மறைக்கப் போவதில்லை. இனி சைக்கிளை விற்றுவிடுவான் என்றுதான் தோன்றியது.

இரண்டு வாரம் பொறுத்து, ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கடற்கரைப் பக்கம், மாதா கோயிலை ஒட்டிய தெரு. அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். சைக்கிள் முன்னறையில் சுவரோடு நின்றது.

"அண்ணாச்சி, அத யாருக்காவது வித்துக் குடுங்க. காலைல எந்திரிச்சு அது மொகத்துல முழிக்க முடியல" என்றாள்.

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கண்ணனுக்குச் சங்கு குளிக்கப் போயிக் காது போச்சு. ஆழத்துல இருபது வருசம் இருந்தான், போச்சு. எனக்கு சைக்கிள் ஓட்டிக் கை போச்சுன்னு சொன்னா அவன் சிரிக்கான்" என்றான். பிறகு, "நீங்களே எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஒங்க ஒயரத்துக்குச் சரியா இருக்கும். மதுரைலயே அந்த ஆளு சொன்னாரே" என்றான்.

என்னிடம் அவ்வளவு இல்லையே என்றேன். ஒரு விலை சொன்னான், குறைந்த விலைதான். ரயில்வே கேட்டில் விழுந்த கீறலைக் காட்டி அதையும் குறைத்தேன். சரி என்றான். அவன் வீட்டு வாசலிலேயே சீட்டை நாலு விரல் உயர்த்திக்கொண்டு, ஓட்டிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து கழற்றிய பழைய நீள ஸ்டெம்மைக் கடையில் பத்திரமாக வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே மாட்டினேன்.

அடுத்த ஒரு வருஷம் எனக்கு மிக நன்றாக இருந்தது. கழுத்து வலி போனது. சர்க்கரை இறங்கியது. எட்டயபுரம் போய்த் திரும்பியும் உடம்பில் தெம்பு மிச்சமிருந்தது. மேம்பாலத்தில் நான் முதல் ஆளாக நின்றேன். கனவில் அவன் வந்தான், நான் திடுக்கிட்டு விழித்தேன் என்றெல்லாம் எழுதலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். கூட்டத்தில் புதிதாக ஒரு பள்ளி ஆசிரியை சேர்ந்தார். கிட்டத்தட்ட அவன் உயரம். அதே மாடலில் வெள்ளை நிற சைக்கிள் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காயல்பட்டினத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உறவினர் வீட்டுக்குப் போகிற வழியில் அவன் ஸ்கூட்டரை நிறுத்தினான். எல்லோருக்கும் சந்தோஷம். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். வலது கை பரவாயில்லை, இடது கைவிரல்தான் நிமிர மாட்டேன் என்கிறது என்றான்.

"டீச்சர், சும்மா ஒரு சுத்துப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

அந்த ஒடுக்கமான தெருவில் அவன் ஏறிப் போனான். கால் தரையில் பட்டது. முழங்கை மடங்கியது. தெருமுனையில் திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், பிறகு டீக்கடைப் பாய்லரைப் பார்த்துக்கொண்டேன்.

"இது என்ன சைஸ் டீச்சர்?"

"அம்பத்திரெண்டு. மதுரைல ஸ்டாக் இல்ல, ரெண்டு மாசம் காத்திருந்து எடுத்தேன். கடைக்காரர் அவசரப்படாதீங்கன்னு சொன்னார். எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மா கேட்டேன்" என்றான். சைக்கிளை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். என்னிடமும் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் கடைக்கு வந்தான். ஒரு வாடிக்கையாளர் முழங்கைக் குழாய் கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் போகும்வரை ஓரமாக நின்றான். பிறகு கேட்டான்.

"அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நம்புவதற்குத் தயாராக இருந்தான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது.

"தெரியும்" என்றேன்.

"இங்கன அளந்தப்பவே?"

"ஆமா."

கொஞ்ச நேரம் அவன் கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பைப்புகளைப் பார்த்தான். "கடைக்காரர் சொன்னாரே, நீ கேட்டிருக்கலாம்லா. ஒனக்கும் புத்தி இருக்குல்லா" என்று நானே தொடர்ந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அவன்மேலும் கொஞ்சம் குற்றம் இருந்தால் எனக்கு வசதியாக இருக்கும்.

"அவரு சொன்னாரு. அவர எனக்குத் தெரியாது. ஒங்களத் தெரியும்" என்றான்.

"வேணும்னா சைக்கிளத் திருப்பி எடுத்துக்கோ."

அப்போதுதான் முதல் தடவையாக அவன் முகத்தில் வெறுப்பைப் பார்த்தேன். "என்னத்துக்கு? திரும்பவும் அதுல ஏறணுமா நான்?" என்றான். போய்விட்டான்.

அவன் கூட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வான் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தேன். எல்லோரும் வழக்கம்போலவே பேசினார்கள். புதிதாக சைக்கிள் எடுக்கிறவர்களை என்னிடமே அனுப்பினார்கள். நான் சுவரில் நிற்கவைத்து அளந்து சரியான சைஸையே சொன்னேன். அவர்கள் சைக்கிள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த வருஷம் வால்வு சரக்கு ஒரு பெட்டி கப்பலில் வந்தது. ஏஜெண்ட் ஆள் விடுப்பில் இருந்ததால் லாரியோடு நானே துறைமுகத்துக்குப் போனேன். யார்டு கேட்டில் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் காகிதங்களை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தான். இடது கையின் இரண்டு விரல்களும் உள்பக்கமாக வளைந்து நின்றன.

"இதுல ஒரு கையெழுத்து இல்ல. வாங்கிட்டு வாங்க" என்றான்.

அந்தக் கையெழுத்து இல்லாமலே பெட்டிகள் போகும், பிறகு வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். லாரி டிரைவரும் அதைத்தான் சொன்னார். அவன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டான். சட்டப்படி அவன் செய்தது சரி. கையெழுத்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. நான்கு மணி நேரம் லாரி நிழலில் நின்றேன். அவன் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

கடைக்குத் திரும்பியதும் அந்த யார்டின் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். எங்கள் கூட்டத்துக்கு எப்போதாவது வருகிறவர், என்னிடம்தான் சைஸ் பார்த்து சைக்கிள் எடுத்தவர். கேட்டில் இருக்கிற ஆள் வேண்டுமென்றே வண்டிகளை மறிக்கிறான், பழைய விபத்து மனதில் கெட்டிதட்டிவிட்டது போலிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். விசாரிக்கிறேன் என்றார்.

அடுத்த வாரம் அவனை உப்பளத்தை ஒட்டிய எடைமேடைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தகரக் கொட்டகை மட்டும்தான். காயல்பட்டினம் போகும்போது ரோட்டிலிருந்து பார்த்தால் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஷிப்ட் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. அந்த இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக மிதிப்பேன்.